சென்னை வெயிலில் கம்பளி பனியன்: சில வருட அனுபவம்

ஓடுவதற்குக் கம்பளி பனியன் போடுகிறேன் என்றால் சென்னையில் யாரும் நம்புவதில்லை. மெரினோ ஆட்டு ரோமத்தை நைலான் இழை மேல் சுற்றி நூற்ற நூல், சதுர மீட்டருக்கு 150 கிராம் துணி. சில வருடங்களாக ஓட்டம், சைக்கிள், மலையேற்றம் எல்லாவற்றுக்கும் இதுதான்.

வாங்கியதற்கு முக்கியக் காரணம் வியர்வை நாற்றம். பாலியஸ்டர் சட்டையை ஒரு ஓட்டம் முடிந்ததும் வாளியில் போட்டாக வேண்டும். இதை நிழலில் காற்றாட விட்டால் மறுநாளும் போடலாம். கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொள்ளும். வாடையையும் உள்ளே பிடித்துவைத்து, துவைக்கும்போது விட்டுவிடும். பாலியஸ்டரோ பிடித்த எண்ணெய்ப் பிசுக்கை லேசில் விடாது.

சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை 1919-இல் வந்தபோது கம்பளிதான். 1940களின் கடைசியில் செயற்கை இழை கலந்த சட்டையைக் கொடுத்தபோது பிரெஞ்சு வீரர் லூயிசோன் போபே போட மறுத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகச் சுத்தக் கம்பளியில் வேறு தயாரிக்க வேண்டியதாயிற்று.

இழையின் கனம் 18 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருப்பதால் உடம்பில் குத்துவதில்லை. மைக்ரான் அளக்கக் கருவி வந்த பிறகும், கத்தரித்த ரோமத்தைக் கையால் இழுத்துப் பார்த்துத் தரம் பிரிக்கும் கைத்தொழில் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆனால் வாஷிங் மெஷினில் போட முடிவது வேதியியலால். கம்பளி இழையில் செதில்கள் உண்டு. துவைக்கும்போது ஒன்றோடொன்று மாட்டித் துணி சுருங்கிவிடும். குளோரினால் செதில் முனைகளை மழுக்கி, மேலே பிளாஸ்டிக் வகையான பாலிமரை மெல்லிசாகப் பூசுகிறார்கள். ஆகவே 'முழுக்க இயற்கை' என்று அட்டையில் போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

எனக்குப் பிடித்த தொழில்நுட்பம் உள்ளே இருக்கும் அந்த நைலான். பை வார் உரசும் தோள்பட்டையில் கம்பளி தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது, ஆனாலும் கிழியவில்லை. பீரோவில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று கீழ் ஓரத்தில் உண்டு. அந்துருண்டை போட்டால் பூச்சி வராது. ஆனால் அந்த வாடையோடு யார் ஓடுவது?

சரி, மே மாதம்? வேண்டவே வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாது; கம்பளி ஊறிக் கனத்துத் தொங்கும், காயவும் நேரமெடுக்கும். அப்போது மலிவான பாலியஸ்டரே மேல். மார்கழி விடியற்காலை, கொடைக்கானல் பக்கம் என்றால் இதற்கு இணை இல்லை.

விலை, ஒன்றுக்கு நாலைந்து பாலியஸ்டர் சட்டை வாங்கலாம். அடுத்தது எடுக்கும்போது ஆட்டின் பின்புறத் தோலை வெட்டியெடுக்கும் 'மியூல்சிங்' இல்லாத ரோமமா என்று அட்டையில் பார்த்துத்தான் எடுப்பேன். நியூசிலாந்து அதை 2018-இலேயே தடை செய்துவிட்டது.