பேட்டரியா, ஆல்டர்னேட்டரா: எந்தக் கருவியின் பேச்சைக் கேட்பது?

சாவியைத் திருப்பினால் டட டட டடவென்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் அழுது வடிகின்றன. செல்ஃப் எடுக்கவில்லை. சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் "பேட்டரி போச்சு" என்பார்கள், மீதிப் பேர் "ஆல்டர்னேட்டரைப் பாருங்க" என்பார்கள். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. இரு தரப்புமே தப்பாகச் சொல்ல வாய்ப்புண்டு. இதே சத்தத்துக்காகப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, பத்தே நாளில் அதே சத்தத்தை மறுபடி கேட்டவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

மல்டிமீட்டர், ஹைட்ரோமீட்டர், லோடு டெஸ்டர், கண்டக்டன்ஸ் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர் என்று இந்த வேலைக்குப் பல கருவிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்பதைவிட, எது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதே பலன் தரும். ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்டு ஏமாறுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

முதலில் எல்லோர் கையிலும் இருக்கும் மல்டிமீட்டர். வண்டி சில மணி நேரம் ஓய்வில் நின்ற பிறகு பேட்டரியில் வைத்தால், 12.6 வோல்ட்டுக்கு மேல் வந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் சுமார் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. ஏஜிஎம் வகையாக (ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பாயில் ஊறவைத்த மூடிய பேட்டரி) இருந்தால் இதைவிடச் சற்று கூடுதலாகவே காட்டும். இப்போதுதான் ஓட்டி நிறுத்தினீர்கள் என்றால் மேலோட்டமான சார்ஜ் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5-ஐ ஒட்டியே நின்றால், ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று ஏறக்குறைய முடிவே கட்டலாம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கழித்துப் பாருங்கள்.

ஆனால் 12.6 காட்டுகிற பேட்டரி நல்ல பேட்டரி என்று அர்த்தமில்லை. தொட்டி நிரம்பியிருக்கிறதா என்றுதான் மீட்டர் சொல்கிறது. தொட்டி அண்டா அளவா, செம்பு அளவா என்று சொல்வதில்லை. சல்ஃபேஷன் (தகடுகளில் உப்பு படிவது) பிடித்துப் பாதி செத்த பேட்டரியும் 12.6 காட்டும். செல்ஃப் அடித்ததும் 8 வோல்ட்டுக்குச் சரியும்.

அந்தச் சரிவைப் பார்க்கத்தான் லோடு டெஸ்டர். முறையான சோதனையில், பேட்டரியின் சிசிஏ எண்ணில் (கடுங்குளிரில் செல்ஃப் அடிக்க அது தரக்கூடிய ஆம்பியர்) பாதி ஆம்பியரை 15 விநாடி இழுக்க வேண்டும். 400 சிசிஏ என்றால் 200 ஆம்பியர். சுமார் 21 டிகிரி வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தாங்கினால் தேறியது. பேட்டரியை உண்மையிலேயே வேலை வாங்கிப் பார்ப்பதால் இதன் தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். இரண்டு நிபந்தனைகள்: சோதிக்கும் முன் பேட்டரி 12.4-க்குக் குறையாமல் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், பட்டினி கிடந்தவனை ஓடவிட்டு பலவீனன் என்று சொல்லக்கூடாது. அடுத்தது, பரவலாகக் கிடைக்கும் சிறிய டெஸ்டர்கள் 100 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். பெரிய டீசல் வண்டியின் பேட்டரிக்கு அது கொசுக்கடி. நோஞ்சானும் பாஸ் ஆகிவிடும்.

கடைகளில் இப்போது பரவலாகப் பார்ப்பது கண்டக்டன்ஸ் டெஸ்டர். இரண்டு கிளிப்பை மாட்டி, பேட்டரி வகையையும் சிசிஏ-வையும் தட்டினால், பத்து விநாடியில் நலம் இத்தனை சதவீதம், நல்லது அல்லது மாற்று என்று சொல்லிவிடும். சூடும் இல்லை, பொறியும் இல்லை. நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்: சிறு சிக்னல் ஒன்றை அனுப்பி, உள்ளே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று கணிக்கிறது. நாடி பார்ப்பவருக்கு அனுபவம் வேண்டும்; இதற்குச் சரியான தகவல் வேண்டும். சிசிஏ-வை அளக்க அமெரிக்காவின் எஸ்ஏஇ, ஜெர்மனியின் டிஐஎன் என்று வெவ்வேறு முறைகள் உண்டு; பேட்டரி மேல் எஸ்ஏஇ அளவில் எழுதிய எண்ணை டிஐஎன் முறையில் தட்டினால், நல்ல பேட்டரியும் தோற்கும். கிளிப்பை ஈயக் கம்பத்தில் கடிக்காமல் துருப்பிடித்த போல்ட்டில் கடித்தாலும் அதே கதி. 'சார்ஜ் செய்து மறுபடி சோதி' என்று திரையில் வந்தால் அதைத் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. படிப்பவர் பேட்டரி விற்பவராகவும் இருந்தால், நீங்களே திரையை எட்டிப் பார்ப்பது நல்லது.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், மூடி திறக்க முடிகிற பேட்டரிகளுக்கு மட்டும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் காட்டிக்கொடுப்பது இதன் பெருமை: முழு சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை வரவேண்டும். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்தச் செல்லோடு பேட்டரியும் முடிந்தது. ஆசிட் என்பதால் கண்ணாடி, கையுறை கட்டாயம். மூடிய வகைப் பேட்டரிகள் பெருகிய பிறகு இதற்கு வேலை குறைந்துவிட்டது.

கருவியே வேண்டாம் என்று ஒரு பழைய வைத்தியமும் உண்டு: எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுவது, வண்டி ஓடினால் ஆல்டர்னேட்டர் நலம் என்பது. தயவுசெய்து வேண்டாம். பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் கணத்தில் பல மடங்கு எகிறும். இசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), ரேடியோ, ஆல்டர்னேட்டர் டயோடு எது வேண்டுமானாலும் பலியாகலாம்.

ஆல்டர்னேட்டர் நலமா என்ற கேள்விக்கு மல்டிமீட்டரே போதும். சார்ஜிங் பக்கம் என்று வந்தால் மற்ற கருவிகளை அது ஓரங்கட்டிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்துப் பாருங்கள், 13.5-க்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் ஆல்டர்னேட்டர், பெல்ட், ஒயர் மூன்றில் ஒன்று சரியில்லை. 15-ஐத் தாண்டி நின்றால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல் சந்தேகம். புதிய கார்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்: எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டரே அடக்கி வைக்கும், நல்ல நிலையிலேயே 12.8 காட்டலாம். லோடு போட்டதும் ஏறுகிறதா என்று பார்க்காமல் பழி போடாதீர்கள்.

அதே மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சார) வோல்ட்டில் வைத்தால், ஆல்டர்னேட்டரின் ஏசியை டிசியாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றும் டயோடின் பழுதும் பிடிபடும். ஓடும் எஞ்சினில் பேட்டரியில் அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் டயோடு ஒன்று போயிருக்கலாம். சில மலிவு மீட்டர்கள் வெறும் பேட்டரியிலேயே ஏசி 26 வோல்ட் என்று உளறும். எஞ்சின் அணைந்திருக்கும்போது சிவப்பு முனையை பாசிட்டிவில் வைத்து ஒருமுறை பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் அந்த மீட்டர் இதற்கு ஆகாது.

இப்போது என் கதை. புது பேட்டரியும் டட டட என்றதும், கண்டக்டன்ஸ் டெஸ்டரில் போட்டுப் பார்த்தேன்: நூற்றுக்கு நூறு. பேட்டரி நலம், வண்டி மட்டும் கிளம்பவில்லை. பிறகுதான் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, வீட்டில் ஒருவரை சாவியைத் திருப்பச் சொன்னேன். செல்ஃப் அடிக்கும்போது அங்கே 0.2, மிஞ்சினால் 0.5 வோல்ட்தான் வரலாம். எனக்கு வந்தது 2.8. முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். கம்பத்துக்கும் அதன் மேல் மாட்டிய ஒயரின் டெர்மினலுக்கும் இடையே ஒன்றுமில்லை. டெர்மினலிலிருந்து பாடி வரை ஒன்றுமில்லை. பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே 2.7. அங்கே இருந்த எர்த் ஒயரைக் கழற்றி, அதன் முனையிலுள்ள உலோக லக்கை வளைத்ததும் உறைக்குள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. செம்பு இழைகளில் முக்கால்வாசி கரைந்துபோயிருந்தன. பழைய பேட்டரியைக் குப்பைக்கு அனுப்பியதுதான் மிச்சம். பேட்டரியை மட்டும் சோதிக்கிற எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

இரவில் நிறுத்தினால் காலையில் டவுன் ஆகிறது என்றால் அது வேறு வழக்கு. வண்டி தூங்கும்போது 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. அரை ஆம்பியர் கசிந்தால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளுக்குள் காலி. மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து அளக்கலாம். ஆனால் பேட்டரி ஒயரைக் கழற்றும்போதே வண்டியைத் தூங்கவிடாமல் செய்த மாட்யூல் (சிறு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) ஒன்று ரீசெட் ஆகி, கசிவு மாயமாகிவிடக்கூடும். மறந்துபோய் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸும் போகும். இங்கே கிளாம்ப் மீட்டர்தான் ராஜா: எதையும் கழற்றாமல் ஒயரைச் சுற்றி மாட்டினால் போதும். மில்லி ஆம்பியர் வரை டிசி அளக்கும் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்; ஏசி மட்டும் அளப்பது பெரும்பான்மை. கதவைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, பிறகு படியுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் மல்டிமீட்டர், குறைந்தபட்ச அளவைப் பதிந்து வைக்கும் 'மின்' (MIN, மினிமம்) பட்டன் உள்ளதாக. தனியாக நின்று செல்ஃப் அடித்தாலும் எவ்வளவு சரிந்தது என்று அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவதாக கிளாம்ப் மீட்டர். கண்டக்டன்ஸ் டெஸ்டரும் லோடு டெஸ்டரும் கடைக்காரரிடமே இருக்கட்டும். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு போய், எண்ணைச் சரியாகத் தட்டச் சொல்லிக் கேளுங்கள்.