“ட்யூனிங்கே வேண்டாம் தம்பி, மாட்டினால் போதும்”: ஸ்னோமொபைல் பவர் கிட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “பைப்பை மாற்று, ஏர் ஃபில்டரை மாற்று, இந்தச் சின்னப் பெட்டியைச் சொருகு, வேறு எதையும் தொட வேண்டாம், 25 குதிரைத்திறன் கூடும்” என்று யாராவது சொன்னால், காசை எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நான் எடுத்தேன். என் எஞ்சினுக்குள் இருந்த ஒரு பிஸ்டன் இப்போது மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருக்கிறது.

வண்டி ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடுகிற வண்டி. 800 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு எனக்குள்தான். கூட ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகப் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். ஏற்றத்தில் நான் மேலே போய்ச் சேரும்போது அவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையைத் தட்டி, டீயே குடித்து முடித்திருப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் வலிக்கும்.

அந்த நேரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் ஒரு பட்டறையைக் கைகாட்டினார். பெயர் போடப்போவதில்லை, கேட்காதீர்கள். நடத்துகிறவருக்கு நல்ல பேச்சு. “ஜெட்டு, மேப்பு, லேப்டாப்பு எல்லாம் பழைய கதை தம்பி. இது மாட்டினால் போதும், மீதியை பெட்டியே பார்த்துக்கொள்ளும்” என்றார். (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற துளை; மேப் என்பது எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று எஞ்சின் கணினியில் பதிகிற அட்டவணை.) கிட்டில் மூன்று பொருட்கள்: ஒரு எக்ஸாஸ்ட் பைப், காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டுகிற கூம்பு ஃபில்டர், இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கிற தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி. கூடவே டைனோவில், அதாவது எஞ்சின் பவரை அளக்கிற இயந்திரத்தில், எடுத்ததாக ஒரு வரைபடம். நீலக் கோடு கீழே, சிவப்புக் கோடு மேலே.

அந்தத் தாளை இன்று எடுத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நெட்டுக்கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 110-இல் தொடங்குகிறது. அதனால் சின்ன இடைவெளிகூடப் பெரிய பள்ளமாகத் தெரிகிறது. எந்த வெப்பநிலையில் ஓட்டினார்கள், எந்தத் திருத்தக் கணக்கைப் போட்டார்கள் என்று ஒரு எழுத்து இல்லை. முக்கியமாக, காற்று-எரிபொருள் விகிதத்துக்கான (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதற்கான) கோடே கிடையாது. டைனோ படத்தில் பவர் கோட்டை மட்டும் காட்டிவிட்டு அந்தக் கோட்டை மறைப்பது, ரத்தப் பரிசோதனை முடிவில் சர்க்கரை அளவை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுப்பது மாதிரி. ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது சிவப்புக் கோட்டை மட்டும்தான்.

பட்டறைக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரி வைத்திருந்தார்கள். கிட்டை மாட்டி, வண்டியைத் தாங்கியில் ஏற்றி முறுக்கிக் காட்டினார். சத்தம் பிரமாதம். ஸ்பீடோமீட்டர் முள் இதுவரை போகாத இடத்துக்குப் போனது. தரையில் படாமல் ட்ராக் (வண்டியைத் தள்ளுகிற அடிப்பட்டை) சும்மா சுற்றும்போது ஸ்பீடோமீட்டர் எதை வேண்டுமானாலும் காட்டும். அது ட்ராக்கின் வேகத்தைத்தான் அளக்கிறது, வண்டியின் வேகத்தை அல்ல. பனிக்கட்டிமேல் ட்ராக் வழுக்கினாலும் இதே கதைதான்.

முதல் இரண்டு ஓட்டம் நன்றாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டாம் நாள் வண்டி பறந்தது. அணையப்போகிற விளக்குதான் பளிச்சென்று எரியும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் கலவை மெலிய மெலிய, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையக் குறைய, ஒரு கட்டம் வரைக்கும் எஞ்சின் கூர்மையாக இழுக்கும். அந்தக் கட்டத்துக்கு அடுத்த படி பிஸ்டன்.

மூன்றாவது ஓட்டம். காலையில் மைனஸ் 28. உறைந்த ஏரியின்மேல் நீளமான நேர்ப்பாதை, த்ராட்டில் முழுக்க. அரை நிமிடம் இருக்கும். சத்தத்தில் ஏதோ ஒரு கரகரப்பு; டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல. ஹெல்மெட்டுக்குள் அது காற்றா எஞ்சினா என்று யோசிப்பதற்குள் ‘ப்பாங்’ என்று இறங்கி, வண்டி முன்பக்கம் குனிந்து நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். வழக்கமாகத் தோளைப் பிடுங்கும் கயிறு, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தது. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷனே இல்லை.

பிளக்கைக் கழற்றினேன். ஒன்று காபி நிறம். இன்னொன்று சுண்ணாம்பு வெள்ளை, பீங்கான்மேல் மிளகுப்பொடி தூவினதுபோல மினுமினுக்கும் துகள்கள். அலுமினியம். பிஸ்டன் உருகித் தெறித்திருக்கிறது. முழங்கால் பனியில் நடந்தது, குளிரில் போன் செத்தது, நண்பர்கள் தேடி வந்து இழுத்துப் போனது எல்லாம் தனிக் கதை. தனியாகப் போயிருந்தால் இந்தப் பதிவு இருந்திருக்காது, அவ்வளவுதான்.

வேறொரு மெக்கானிக்கிடம் எஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் தலையில் எக்ஸாஸ்ட் பக்கத்து ஓரம் எலி கடித்த ரொட்டிபோல அரித்துப்போய், நடுவில் விரல்நுனி நுழைகிற ஓட்டை. சிலிண்டர் சுவரில் அந்தப் பக்கம் மட்டும் நெடுகக் கீறல். “ஆயில் இல்லாமல் போனால் சுற்றிலும் கீறியிருக்கும். இது கலவை மெலிந்து வெந்தது” என்றார். உருகின துகள்கள் கீழே கிராங்க் பேரிங்குகளுக்குள் போய்விட்டதால் அடி வரைக்கும் பிரித்துக் கழுவ வேண்டியதாயிற்று. செலவைக் கேட்காதீர்கள், கிட்டின் விலை அதற்கு முன்னால் பிச்சைக்காசு.

சரி, பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கத்தானே அந்தப் பெட்டி? அதைத்தான் நானும் கேட்டேன். ரம்பத்தை எடுத்து நடுவில் அறுத்தேன். கறுப்புப் பசை ஊற்றி நிரப்பியிருந்தார்கள். சுரண்டச் சுரண்டப் பசைதான் வந்தது. கடைசியில், அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைத் தடுக்கிற சின்னப் பாகம். மேலே இருந்த வண்ணக் கோடுகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு: 1,000 ஓம். சிப்பும் இல்லை, புரோகிராமும் இல்லை. மீதிப் பெட்டி முழுக்கப் பசைதான்.

அது செய்கிற வேலை இவ்வளவுதான். என் வண்டியின் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினி, எவ்வளவு காற்று உள்ளே வந்தது என்று நேரடியாக அளப்பதில்லை. ஆர்பிஎம், த்ராட்டில், காற்றழுத்தம், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பெட்ரோல் விடுகிறது. வெப்பநிலை சென்சார், குளிரக் குளிர மின்தடை ஏறுகிற வகை. அதோடு வரிசையில் 1,000 ஓம் சேர்த்தால் ஈசியூ ‘இன்னும் குளிராக இருக்கிறது, காற்று அடர்த்தியாக வரும்’ என்று ஏமாந்து பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். தந்திரம் அதுதான்.

எங்கே உதைத்தது தெரியுமா? சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குள் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம். அதோடு 1,000 சேர்ந்தால் 3,500. எட்டொன்பது டிகிரி குளிர் கூடினதாக ஈசியூ நினைக்கும். வெளியே மைனஸ் 28-இல் வைத்தால் அதே சென்சார் 24,000 ஓம் சுற்றி. அதோடு 1,000 சேர்ந்தால் 25,000. ஒரு டிகிரிக்குக்கூடச் சரியாக வராது. ஹீட்டர் போட்ட பட்டறையில் ஏதோ செய்கிற பெட்டி, நிஜக் குளிரில் ஒன்றுமே செய்வதில்லை. பூஜ்யத்தைவிட மைனஸ் 28-இல் காற்று ஒரு 11 சதவீதம் அடர்த்தி அதிகம். கம்பெனி ஈசியூ அந்தக் குளிரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் புது பைப்பும் கூம்பு ஃபில்டரும் உள்ளே இழுத்துவிட்ட கூடுதல் காற்று அதற்குத் தெரியாது. த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்திருக்கும்போது பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, ஆவியாகி பிஸ்டனைக் குளிர்விப்பதற்கும் வேண்டும். அது குறைந்தால் என் மேசைமேல் இருப்பதுதான் மிச்சம்.

பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூ-ஸ்ட்ரோக்கில் பைப் வெறும் புகைபோக்கி இல்லை. அதன் வயிறு விரிந்து சுருங்குகிற வடிவத்தால் ஓர் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே நழுவின புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். எந்த ஆர்பிஎம்மில் அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேருகிறதோ அங்கேதான் பவர். பைப்பை மாற்றினால் அந்த ஆர்பிஎம்மும் இடம் மாறும். ஸ்னோமொபைலில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதோ கிளட்சின் எடைகளும் ஸ்பிரிங்கும். (இதில் கிளட்ச் என்பது பெல்ட்டால் இணைந்த இரண்டு கப்பிகள்; வேகத்துக்கு ஏற்பத் தானாகவே கியர் மாற்றும்.) எனக்குத் தந்த பைப் 8,300-இல் உச்சம் தருவது. கிளட்ச் பழையபடி 7,900-இல் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. எடைகளைக் கொஞ்சம் இலகுவாக்கியிருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஆகவே எஞ்சினையும் எரித்துக்கொண்டு, வாங்கின பவரையும் நான் பயன்படுத்தவே இல்லை. பழைய ஜிபிஎஸ் பதிவுகளோடு ஒப்பிட்டேன்: அதே ஏரியில் உச்ச வேகம் கூடினது மணிக்கு 2 கிலோமீட்டர்.

பட்டறைக்குப் போனேன். அதுவரை ‘தம்பி’யாக இருந்த நான் அன்று ‘சார்’ ஆகிவிட்டேன். முதலில் ஆயில் சரியில்லை என்றார். கீறல் படத்தைக் காட்டினேன். பிறகு பெட்ரோல் கெட்டது என்றார்; அதே பம்ப்பில் அதே காலையில் நிரப்பின மூன்று வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் ‘பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும். உத்தரவாதம் இல்லை.’ பெட்டியைச் சோதிக்கக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். அறுத்த இரண்டு பாதிகளையும் மேசையில் வைத்தேன். “திறந்தால் எப்படி சார் கியாரண்டி தருவது?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும், சிரிப்புதான் வந்தது.

எல்லா பைப் விற்கிறவர்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஒழுங்கான கிட்டோடு எந்த உயரம், எந்த வெப்பநிலைக்கு என்ன மேப், கார்புரேட்டர் வண்டியானால் எந்த ஜெட், கிளட்ச் எடை எத்தனை கிராம் என்று ஓர் அட்டவணை வரும். அதைக் கேளுங்கள். முழு த்ராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதம் எவ்வளவு என்று கேளுங்கள்; 12.5, 13 என்று எண்ணாகச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு” என்றால் எழுந்துவிடலாம்.

எஞ்சினைப் பழையபடி கட்டின பிறகு கை அரிப்பு தாங்காமல் எஞ்சினைத் தொடாமலே சில வேலைகள் செய்தேன். இரண்டு கிளட்சையும் பிரித்து பெல்ட் தூசியைத் துடைத்தேன், தேய்ந்த புஷ்ஷை மாற்றினேன், இரண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தேன். பழைய பெல்ட்டை அளந்தால் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தது, புதிது போட்டேன். ட்ராக் கம்பிபோல இறுக்கமாக இருந்ததைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தளர்த்தினேன். அதே ஏரி, அதே போன்: உச்ச வேகம் கிட் போடுவதற்கு முன் இருந்ததைவிட மணிக்கு 6 கிலோமீட்டர் கூடுதல். ஏற்றத்தில் இப்போதும் கடைசிதான். ஆனால் நான் போய்ச் சேரும்போது டீ மிச்சம் இருக்கிறது.

போன வாரம் அதே பட்டறையில் அதே பெட்டியைப் பார்த்ததாக ஒரு நண்பர் சொன்னார். இப்போது நீல நிறமாம், வேறு பெயராம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அறுக்கக்கூடத் தேவையில்லை. ஈசியூ பக்கம் போகிற ஒயரிலிருந்து சென்சார் பக்கம் போகிற ஒயர்வரை மல்டிமீட்டரை வைத்து ஓம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியை ஒரு மணிநேரம் வெளியே குளிரில் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் அப்படியே நின்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கிட்டைக் கழற்றி, பழைய பைப்பையும் காற்றுப் பெட்டியையும் திரும்ப மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.