கடைசி வண்டியைக் காத்திருந்து அழைத்துச் செல்லும் பயணம்: பழைய கார் மன்றத்தோடு செஞ்சிக்கு ஒரு வார இறுதி

சென்னையில் இயங்கும் பழைய கார் மன்றம் ஒன்று மாசி மாதத்துச் சனி, ஞாயிறுகளில் நடத்திய செஞ்சிப் பயணத்தில் என் அம்பாசடரோடு கலந்துகொண்டேன். ஒரு காருக்கு இருவர் என்ற கணக்கில் ஓர் இரவுத் தங்கல், இரண்டு நாள் சாப்பாடு, கூடவே வரும் மெக்கானிக் எல்லாவற்றுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் வாங்குகிறார்கள். பெட்ரோலும் நுழைவுச்சீட்டும் அவரவர் செலவு. இத்தகைய பயணம் என்றால் எந்த ஊர், என்ன சாப்பாடு என்பதைத்தான் பலரும் முதலில் விசாரிக்கிறார்கள். வரிசையில் கடைசியாக வரும் வண்டியை மன்றம் எப்படிக் கவனித்துக்கொள்கிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஒன்றில் இந்த மன்றத்துக்கு முழு மதிப்பெண் தருவேன்.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போவது எளிது. ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடிக் களைத்த கார்களை நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதில் பயமும் அதிகம், பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே விடியுமுன் ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில்) புறப்பட்டு, செங்கல்பட்டுக்கு அப்பால் நெடுஞ்சாலையை விட்டு விலகி, உத்திரமேரூர், வந்தவாசி, தேசூர் என்று உள்வழியாகவே அழைத்துச் சென்றார்கள். எங்கள் வரிசையில் அம்பாசடர்களும் பிரீமியர் பத்மினிகளும் முதல் தலைமுறை மாருதி 800 கார்களும் இருந்தன. எல்லோர் கண்ணும் போனது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மீதுதான். எஞ்சின் மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் அந்தக் கார், தான் உருவான பெருங்களத்தூரைத் தன் சொந்த எஞ்சினின் பலத்திலேயே கடந்து சென்றதைப் பார்த்தபோது உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

வரிசையை நடத்தும் முறை இது. கார்களை நாலைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே வழி தெரிந்த ஒருவரையும் கடைசியில் அனுபவமுள்ள ஒருவரையும் அமர்த்துகிறார்கள். எல்லாக் குழுக்களுக்கும் பின்னால் மெக்கானிக்கின் வேன் வருகிறது. கிளைச்சாலை பிரியும் இடங்களில், தனக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும் வரை முன்வண்டி திரும்பக் கூடாது என்பது விதி. ஒவ்வொருவரும் தம் பின்வண்டிக்கு மட்டும் பொறுப்பேற்றால் போதும், மொத்த வரிசையும் அறுபடாது. முன்வண்டியை விரட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாததால் முந்திச் செல்லும் ஆபத்தும் வெகுவாகக் குறைகிறது. குழுத் தலைவர்களிடம் உள்ள வாக்கி டாக்கிகள் உரிமம் தேவைப்படாத குறைந்த திறன் வகையைச் சேர்ந்தவை என்பதையும், எதிரே பேருந்து வருகிறது, முன்னே மாட்டுவண்டி போகிறது என்பதைத் தவிர வேறு அரட்டைக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் புறப்படுமுன்னரே சொல்லிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் அருமை வந்தவாசியைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. வெயில் ஏறியதும் ஒரு பத்மினி இருமி இருமி நின்றுவிட்டது. எஞ்சின் சூட்டில் குழாயிலும் பம்பிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகி, அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறாமல் போவது பழைய கார்களுக்கு வழக்கமான தொல்லை. மெக்கானிக் இறங்கி வந்து, "அண்ணே, சாவியைத் திருப்பிக்கிட்டே இருக்காதீங்க, பேட்டரிதான் போகும், கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு பம்பின் அடியிலுள்ள கைநெம்புகோலைச் சில முறை அழுத்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்புவதை உரிமையாளருக்குக் காட்டினார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. அதுவரை அந்தக் குழுவின் ஒரு காரும் நகரவில்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை. பக்கத்துக் களத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எங்களை நிழலுக்குக் கூப்பிட்டு, கைநிறைய பச்சை மல்லாட்டை அள்ளிக் கொடுத்தார்கள்.

தேசூர்ப் பக்கத்துச் சாலைதான் இப்பயணத்தின் உயிர். ஏரிக்கரை, பனை வரிசை, அறுவடை முடிந்த சம்பா வயல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கும் பாறைக் குன்றுகள் என்று காட்சி மாறிக்கொண்டே வருகிறது. சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைத்திருக்கும் இடங்களில் சக்கரம் படாமல் ஒதுங்கிப் போக வேண்டும், ஊருக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்று மன்றம் கண்டிப்பாகச் சொன்னதும், எல்லோரும் அதைக் கடைப்பிடித்ததும் பாராட்டுக்குரியவை.

ஆனால் அதே மன்றம் ஓர் ஏரிக்கரைச் சாலையில் புகைப்படத்துக்காக எல்லாக் கார்களையும் வரிசையாக நிறுத்தியதை ஏற்க முடியவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றும், அதற்குப் பின்னால் நகரப் பேருந்து ஒன்றும் எங்களுக்காகக் காத்து நின்றன. வார இறுதியில் பொழுதுபோக்க வந்த நாம், பிழைப்புக்காகச் சாலையைப் பயன்படுத்துபவர்களை நிறுத்தி வைப்பது முறையல்ல. அகலமான திடல் எதையாவது முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கலாம். இதை அமைப்பாளர்களிடம் நேரில் சொன்னபோது மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டார்கள்.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள, முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்கப் போதுமான நேரம் கிடைத்தது. செஞ்சியில் அப்படி இல்லை. மராட்டியப் படைத்தலங்களின் வரிசையில் 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இக்கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்து நிற்பது. 1690களில் மராட்டிய அரசர் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தது எப்படி என்பது ராஜகிரியில் ஏறிப் பார்த்தால்தான் விளங்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மலை ஏறுவதற்கான வேளை கடந்துவிட்டதால் கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினோம். கோட்டையை ஞாயிறு காலைக்கு மாற்றி வைத்தால் இந்தக் குறை தீரும். தங்கிய விடுதி சுத்தமாக இருந்தது; கார்களை நிறுத்த இடம் தாராளம்; இரவு உணவு சுமார்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் சாலையில் உள்ள மண்டகப்பட்டுக்குச் சென்றோம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் பொறித்து வைத்த குடைவரை அது. சிறிய இடம், பெரிய செய்தி. அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியது சரியான கணிப்பு. அங்கிருந்து திண்டிவனம், மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். உப்பளங்களைத் தாண்டியதும் கடற்காற்று பட்டு எஞ்சின்களின் சூடு தணிந்தது; மாலைக்குள் எல்லோரும் வீடு திரும்பினோம்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பதிவுச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருந்தால்தான் அனுமதிக்கிறார்கள், இதில் தளர்வே கிடையாது. 50 ஆண்டு தாண்டிய காரை 2021 விதிகளின்படி விண்டேஜ் பிரிவில் பதிவு செய்திருந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது என்பதால், முன்கூட்டியே மன்றத்தோடு பேசிவிடுங்கள். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். புதுக் குழாய் மாற்றிவிட்டு வருவது நல்லது. விசிறி பெல்ட் ஒன்று, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு பழைய துண்டு ஆகியவை டிக்கியில் இருக்கட்டும். பின் இருக்கையில் சீட் பெல்ட் இல்லாத கார்களில் சிறு குழந்தைகளை ஏற்ற மன்றம் அனுமதிப்பதில்லை. குடும்பத்தோடு வருபவர்கள் அவர்களுக்கென இன்னொரு புதிய காரை வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.