ஹிமாலயனுக்கு அகல ஃபுட்ரெஸ்ட்: 18,000 கிலோமீட்டருக்குப் பிறகு

போன வாரம் நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். இரண்டரை வருடத்துக்கு முன் நான் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே அகல ஃபுட்ரெஸ்ட் இப்போது 2,100. கீழே "வாங்கிடட்டுமாடா?" என்று ஒரு வரி. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக். கம்பெனி ஃபுட்ரெஸ்டில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் என் கால் பத்தாம் நம்பர். மேடு பள்ளத்தில் எழுந்து நின்று ஓட்டினால் உடம்பின் மொத்த எடையும் உள்ளங்காலின் நடுவில் ஒரே கோட்டில் இறங்கும், அரை மணி நேரத்தில் பாதம் மரத்துப் போகும். அகல ஃபுட்ரெஸ்ட் மாட்டிய அன்றே அந்த வலி போய்விட்டது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அதைக் கடந்து எஸ்டேட் ரோட்டில் முக்கால்வாசி நேரம் நின்றபடியே ஓட்டினேன், இறங்கியபோது கால் புதிதாக இருந்தது. மழையில் பூட்ஸ் அடியில் சேறு அப்பியிருந்தாலும் அந்தப் பல் பல்லான விளிம்பு காலை நழுவ விடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

குறையும் உண்டு. அந்தப் பல் விளிம்பு பூட்ஸின் அடியைத் தின்னும், வண்டியைக் காலால் தள்ளும்போது ஆடுசதையில் இடிக்கும். இரண்டும் பழகிவிடும். இந்த ஃபுட்ரெஸ்ட் பழையதை விட ஒரு சென்டிமீட்டர் கீழே இருப்பதால் பிரேக் பெடலையும் கியர் லீவரையும் இறக்க வேண்டும். பெடலை இறக்கிய பிறகு பிரேக் லைட் சரியான இடத்தில் எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் கோபம் முழுக்க ஃபுட்ரெஸ்டோடு பெட்டியில் கொடுத்த அந்தப் பின் (pin) மீதுதான்.

பிராக்கெட்டின் இரண்டு தாடைக்கு நடுவே ஃபுட்ரெஸ்ட் உட்காரும். ஒரு பின் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும். பின்னின் நுனியில் வாஷர், அதற்கப்புறம் காட்டர் பின், அதாவது துளையில் விட்டு இரண்டு காலையும் மடக்கிவிடும் சின்னக் கம்பி. கூடவே ஒரு ஸ்பிரிங். வண்டி சாயும்போது தரையில் பட்டால் ஃபுட்ரெஸ்ட் மேலே மடங்க வேண்டும், ஸ்பிரிங் அதைத் திரும்ப இறக்க வேண்டும். அவ்வளவுதான் மொத்த அமைப்பு. இதில் நட்டு போல்ட்டே கிடையாது.

முதல் தடவை மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. ஸ்பிரிங்கின் ஒரு கால் ஃபுட்ரெஸ்டிலும் இன்னொன்று பிராக்கெட்டிலும் முட்டி நிற்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு ஸ்பிரிங், மாற்றிப் போட்டால் ஃபுட்ரெஸ்ட் தொங்கிப் போகும். பெட்டியில் எது எதற்கு என்று ஒரு குறிகூட இல்லை. ஸ்பிரிங்கை நைலான் நூலால் இறுக்கிக் கட்டி, தாடைக்குள் நுழைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒல்லியான ஸ்க்ரூடிரைவரை விட்டு மூன்று துளைகளையும் நேராக்கி, பெரிய பின்னை நுழைத்து அதைக் கொண்டே அந்த ஸ்க்ரூடிரைவரை வெளியே தள்ளி, கடைசியில் நூலை அறுத்தேன். வேறு எப்படிச் செய்தாலும் விரல் நசுங்கும்.

ஏழு மாதம் கழித்து, வால்பாறை தாண்டி மளுக்கப்பாறை போகும் வழியில் இடது கால் லொடலொடவென்று ஆடியது. கியர் லீவர் லூஸ் என்று நினைத்தேன். டீக்கடையில் நிறுத்திக் குனிந்து பார்த்தால் காட்டர் பின் இல்லை. பெரிய பின் பாதி கீழே இறங்கி ஒற்றைத் தாடையில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஃபுட்ரெஸ்ட் மேல்தான் ஐந்து நிமிடம் முன்பு வரை நின்று ஓட்டியிருக்கிறேன். கை நடுங்கிவிட்டது. கடைக்காரர் ஒரு துண்டு கட்டுக்கம்பி கொடுத்தார். அதை முறுக்கிக் கட்டி, உட்கார்ந்தபடியே மலை இறங்கினேன்.

விற்றவர்களிடம் கேட்டால், "நன்றாக இறுக்கிப் பாருங்கள்" என்று பதில். எதை இறுக்குவது?

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணன். வெர்னியரை வைத்து அளந்து பார்த்ததும், "தம்பி, பிராக்கெட் ஓட்டைக்கு இந்தப் பின் பத்தல" என்றார். அரை மில்லிமீட்டர் ஆட்டம். பல வண்டிகளுக்கும் ஒரே ஃபுட்ரெஸ்டை விற்பதற்காக அதன் துளையைச் சிறிதாக வைத்து, அதற்கேற்ற ஒல்லிப் பின்னையே எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழியிலும் பின் தட்டுகிறது, சுழல்கிறது, வாஷர் காட்டர் பின்னின் காலை அறுக்கிறது. காட்டர் பின் எடை தாங்குவதற்கு இல்லை, பின் வெளியே வராமல் தடுக்க மட்டும்தான். அது அறுந்ததில் அதிசயமே இல்லை.

அண்ணன் ஃபுட்ரெஸ்டின் துளையை ரீமர் விட்டுப் பெரிதாக்கி, நான் எடுத்து வைத்திருந்த கம்பெனிப் பின் வழுக்கிக்கொண்டு நுழையும்படி செய்தார். பக்கவாட்டு இடைவெளிக்கு ஒரு மெல்லிய வாஷர். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 150 ரூபாய். இன்னொன்றும் சொன்னார்: பின்னின் தலை மேல்பக்கம் இருக்கட்டும். பின் சாய்வாக நிற்பதால், காட்டர் பின் அறுந்தாலும் தலை தாடையில் தங்கிவிடும், கீழே விழாது. பெட்டியோடு வந்த படத்தில் தலை கீழே இருந்தது! நானும் அதைப் பார்த்துத்தான் மாட்டியிருந்தேன்.

அதற்கப்புறம் இன்று வரை துளி ஆட்டம் இல்லை. ஒருமுறை கழற்றிய காட்டர் பின்னைத் திரும்பப் போடுவதில்லை, புதியது இரண்டு ரூபாய்தான். செயினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் குனிந்து அதன் இரண்டு காலும் மடங்கியபடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன்.

நண்பனுக்கு நான் சொன்ன பதில்: வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. மனுஷன் ஏறி நிற்கும் பொருளைப் பின்கூட அளந்து பார்க்காமல் விற்பவர்களுக்கு இன்னொரு ரூபாய் போகக்கூடாது. என் வண்டியில் இருப்பதைக் கழற்றப்போவதில்லை. ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால், பெட்டியில் வரும் பின்னைத் தொடாமல், உன் பழைய பின்னை எடுத்துக்கொண்டு ஞாயிறு தவிர எந்த நாளும் கணபதிக்கு வா, லேத்துக்கு நான் கூட்டிப்போகிறேன்.