அந்த கிராப்பில் காற்று 60 டிகிரி: காரை ட்யூன் செய்யக் கொடுக்கும் முன் படியுங்கள்

நேர்கோட்டுப் பந்தயப் பாதையான டிராக் ஸ்ட்ரிப்பில் அரை விநாடி குறைக்க ஆசைப்பட்டு, கடைசியில் உடைந்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் எழுதும் பதிவு இது. எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றிச் சக்தியைக் கூட்டித் தருபவர்தான் ட்யூனர்; என் ட்யூனரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் என்னை எப்படி ஏமாற்றினார் என்பதை எண்களோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார் முன்சக்கர இயக்கமுள்ள சிறிய டர்போ பெட்ரோல் கார், மேனுவல் கியர். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிதான். காற்று உள்ளிழுக்கும் குழாயைச் சற்றுப் பெரிதாக மாற்றியிருந்தேன், சைலன்சரையும் மாற்றியிருந்தேன். என்னையும் சேர்த்து எடை சுமார் 1,360 கிலோ. கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை ஓடி எடுத்த என் சிறந்த நேரம் 14.62 விநாடி. கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 156 கிலோமீட்டர். முதல் 60 அடிக்கு 2.28 விநாடி. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததுதான் என் முதல் தவறு.

ட்யூனரிடம் போனபோது மரியாதையாகவே பேசினார். காரின் சக்தியை அளக்கும் டைனோ கருவியின் உருளைகள்மேல் காரை ஏற்றி மூன்று முறை ஓட்டினார். 184 குதிரைத்திறன் என்று காட்டியது. "சார், சாயங்காலம் வாருங்கள், உங்கள் காரை உங்களுக்கே அடையாளம் தெரியாது" என்றார். மாலையில் போனபோது கிராப் தயாராக இருந்தது. கீழே ஒரு நீலக் கோடு, மேலே ஒரு சிவப்புக் கோடு, 222 குதிரைத்திறன். 38 கூடிவிட்டது! பல மாதச் சேமிப்பை எண்ணிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். வழியெல்லாம் கார் பறப்பதாகவே தோன்றியது. பணம் கொடுத்து வாங்கிய சக்தி மனத்திற்கு எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும்.

அடுத்த பந்தய நாளில் அவருடைய உதவியாளர் ஒருவரும் கூடவே வந்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைக்கச் சொன்னார். டேங்க்கில் கால்வாசிதான் பெட்ரோல் இருக்க வேண்டும் என்றார். முன்பக்கத்துக்கு அவர்களே விற்ற பிடிமானம் மிகுந்த டயர்களை மாட்டச் சொன்னார். தொடக்கக் கோட்டில் இரண்டாவது விளக்கு எரிந்த கணமே நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் ஓர் அங்குலம்கூட உருள வேண்டாம் என்றார். எல்லாமே நல்ல யோசனைகள். முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே ஒளிக்கற்றையின் இந்தப் பக்க விளிம்பில் நிறுத்தினால், கடிகாரம் தொடங்கும் முன்பே கார் சில அங்குலம் உருண்டு வேகமெடுத்திருக்கும். ஒரு பைசாச் செலவில்லாமல் நேரம் குறையும்.

அன்று 14.41 விநாடி வந்தது. உதவியாளர் கைகுலுக்கினார். "ஒரே நாளில் 0.21 விநாடி சார்!" நானும் பூரித்துப்போனேன்.

வீட்டிற்கு வந்து பழைய நேரச் சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இறுதி வேகம் 156.4 கிலோமீட்டர். முன்பு 156. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை இன்னும் விளக்க வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நேரச் சீட்டில் இருக்கும் மொத்த நேரம் பல விஷயங்கள் கலந்த ஒன்று. டயர் பிடிமானம், கிளட்ச் விடும் பழக்கம், கோட்டில் நிறுத்திய இடம் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். இறுதி வேகம் அப்படியல்ல. தொடக்கத்தில் கொஞ்சம் சொதப்பினாலும் அது பெரிதாக மாறாது. எஞ்சினின் சக்தியையும் காரின் எடையையும்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. சக்திக்கும் இறுதி வேகத்துக்கும் இடையிலுள்ள உறவு கனமூல உறவு: சக்தி 10 சதவீதம் கூடினால் இறுதி வேகம் சுமார் 3 சதவீதம் கூட வேண்டும். எனக்கு 184 குதிரைத்திறன் 222 ஆகியிருந்தால், 156 கிலோமீட்டர் 166 ஆகியிருக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர்கூட ஏறவில்லை. அதிலும் ஸ்டெப்னி, ஜாக்கி, பாதிக்கு மேல் பெட்ரோல் என்று முப்பது கிலோவுக்கு மேல் இறக்கிய பிறகு! எடை குறைந்ததற்காகவே ஒரு கிலோமீட்டர் ஏறியிருக்க வேண்டுமே.

அப்படியானால் அந்த 0.21 விநாடி எங்கிருந்து வந்தது? 60 அடி நேரம் 2.28இலிருந்து 2.14 ஆகியிருந்தது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு துளியும் கால் மைல் முடிவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக விரியும். 0.14ஐ ஒன்றரையால் பெருக்குங்கள். சரியாக 0.21. டயரும் கோட்டில் நின்ற விதமும் கொடுத்த பரிசை ட்யூன் கொடுத்ததாக என்னிடம் விற்றுவிட்டார்கள். உதவியாளர் எதற்கு வந்தார் என்பது அப்போது புரிந்தது.

பிறகு கிராப்பை எடுத்து உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன். மூலையில் பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறோம்? முதல் ஓட்டத்தில் திருத்தம் எஸ்.ஏ.இ. முறையில், காற்று 31 டிகிரி, திருத்தக் காரணி 1.01. இரண்டாவது ஓட்டத்தில் எஸ்.டி.டி. முறை, காற்று 60 டிகிரி, காரணி 1.11.

டைனோ அளக்கும் எண்ணை அப்படியே அச்சிடுவதில்லை. அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஒரு பொதுவான வானிலையில் இந்த எஞ்சின் எவ்வளவு தரும் என்று பெருக்கிக் காட்டும். எஸ்.ஏ.இ. முறையில் அந்தப் பொது வானிலை 25 டிகிரி. பழைய எஸ்.டி.டி. முறையில் சுமார் 15.5 டிகிரி, அழுத்தமும் சற்று அதிகம். ஒரே ஓட்டத்தை முறை மாற்றி அச்சிட்டாலே சுமார் 4 சதவீதம் கூடிவிடும். அதற்குமேல் வெப்பமானியின் முனையைச் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், பாவம் இந்த எஞ்சின் எவ்வளவு வெப்பத்தில் உழைக்கிறது என்று கணினி இரக்கப்பட்டு இன்னும் கூட்டிப் போடும். பூமியில் இதுவரை ஏற்கப்பட்ட அதிகபட்சக் காற்று வெப்பநிலையே 56.7 டிகிரிதான். அது 1913இல் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் பதிவானது. ட்யூனரின் கொட்டகை அதையும் தோற்கடித்துவிட்டது.

திருத்தத்தை வகுத்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். முன்பு 182, பின்பு 200. உண்மையான உயர்வு 18. அதிலும் முதல் ஓட்டங்களின்போது பானெட்டை மூடி, மின்விசிறி இல்லாமல், சூடு ஆறவிடாமல் ஓட்டியதை நானே பார்த்தேன். மாலையில் ஓட்டும் முன் கார் இரண்டு மணி நேரம் ஆறியிருந்தது, முன்னால் ஆளுயர மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டர்போ காரில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறினால் சக்தி எவ்வளவு இறங்கும் என்பது இதில் பழகியவர்களுக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான்.

இந்த இடத்திலேயே விலகியிருக்க வேண்டும். நான் திரும்பவும் அவரிடமே போனேன். இது என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

சீட்டுகளைக் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. "நாக்கிங் வருகிறது சார், அதனால் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. அதைச் சரிசெய்துவிடுகிறேன்" என்று மடிக்கணினியை மாட்டினார். (டைமிங் என்பது சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரம்; நாக்கிங் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.) இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த பந்தயத்தில் 14.12 விநாடி, 160.3 கிலோமீட்டர். இந்த முறை இறுதி வேகமே ஏறியிருந்தது! அவரைச் சந்தேகப்பட்டதற்காக மன்னிப்புக்கூடக் கேட்டேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறு ஓட்டம் ஓடியிருப்பேன். ஏழாவதில் மூன்றாம் கியரில் 'டப்' என்று ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை. எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் ஒரு கால் நொண்டியதுபோல் குலுங்கியது.

வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துச் சென்றேன். அதிகம் பேசாத மனிதர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், நடுவே ஊசிமுனை அளவில் மினுமினுக்கும் மணிகள். "அந்த மினுமினுப்பு பிஸ்டனின் அலுமினியம்" என்றார். சிலிண்டர்களுக்குள் எவ்வளவு அழுத்தம் எழுகிறது (கம்ப்ரஷன்) என்று பார்த்தபோது மற்ற மூன்றும் 12 பார் காட்டின, மூன்றாவது 5. திறந்து பார்த்தால் பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு பெயர்ந்து வந்திருந்தது. நெடுநேரம் நாக்கிங் தாங்கிய பிஸ்டன் உடையும் இடம் அதுதான்.

பிறகு எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு.வில் இருந்த மேப்பை, அதாவது அதன் கட்டளை அட்டவணைகளைப் படித்தார். நாக்கிங் என்பது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையின் மிச்சம் தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன் தானாகவே வெடிப்பது. அதன் அதிர்வைக் கேட்க எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சார் இருக்கிறது. அது கேட்டவுடன் இ.சி.யு. இக்னிஷன் டைமிங்கைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்றும். எவ்வளவு சத்தத்தை நாக்கிங் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு மேப்பில் ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் அதிகபட்ச எண் நிரப்பியிருந்தது. அதாவது சென்சார் இருக்கிறது, காதைப் பொத்திவிட்டார்கள். ட்யூனர் சரிசெய்தது நாக்கிங்கை அல்ல, அதைச் சொல்லும் வாயை. எனக்கு ஏறிய 4 கிலோமீட்டர் அப்படி வந்ததுதான்.

மெக்கானிக் கண்டுபிடித்த இன்னொன்றும் உண்டு. நான் காற்றுக் குழாயைப் பெரிதாக்கியிருந்தேன் அல்லவா? காற்றை அளக்கும் சென்சார் அந்தக் குழாய்க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் உண்மையில் போகும் காற்றைவிடக் குறைவாகத்தான் அது சொல்லும். அந்த அளவுகோலைத் திருத்துவது எந்த ட்யூனும் செய்ய வேண்டிய முதல் வேலை. என் மேப்பில் அது தொழிற்சாலையில் இருந்தபடியே இருந்தது. சாதாரணமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இ.சி.யு. 11 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது. என் காரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்தத் திருத்தம் வேலை செய்யாது. லாம்ப்டா என்பது கலவையில் காற்றும் பெட்ரோலும் இருக்கும் விகிதத்தின் அளவு; எண் கூடினால் பெட்ரோல் குறைவு. மேப் கேட்டது 0.82 லாம்ப்டா, கிடைத்தது 0.9க்கு மேல். டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, அதாவது முழு பூஸ்ட்டில், பெட்ரோல் குறைந்த கலவை, முன்னுக்குத் தள்ளிய டைமிங், காது கேளாத சென்சார். பிஸ்டன் ஆறு ஓட்டம் தாங்கியதே பெரிது.

டைமிங் அட்டவணையோ 98 ஆக்டேன் பெட்ரோலுக்கென்று எழுதியது (ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோல் நாக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும்). நான் போடுவது 95. இதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். எங்கிருந்தோ வாங்கிய பொது மேப் ஒன்றை ஏற்றிவிட்டு, 'உங்கள் காருக்கென்றே எழுதியது' என்று விற்றிருக்கிறார்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், முதலில் ட்யூனரிடம் போகாதீர்கள் என்பேன். இருக்கிற காரோடு மூன்று நான்கு ஓட்டம் ஓடி, சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். டயர், எடை, பெட்ரோல் எதையும் ட்யூனோடு சேர்த்து ஒரே நாளில் மாற்றாதீர்கள். டயர் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்ப்பதிலும் ஓட்டங்களுக்கு நடுவே இன்டர்கூலரை ஆறவிடுவதிலுமே எவ்வளவோ கிடைக்கும். ட்யூனரிடம் கிராப்பைக் கேட்காதீர்கள், ஓட்டத்தின்போது கணினி குறித்துவைக்கும் லாக் பதிவைக் கேளுங்கள்: முழு மிதியில் லாம்ப்டா, பூஸ்ட், டைமிங், ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காகக் குறைக்கப்பட்ட டைமிங். என் கிராப்பில் லாம்ப்டாக் கோடே இல்லை. அது ஏன் இல்லை என்று கேட்கும் அறிவு அன்று எனக்கு இருந்திருக்கலாம். கார் முதலில் வந்தபோது இருந்த மூல மேப்பின் நகலை உங்கள் கையில் கொடுக்காதவரிடம் சாவியையும் கொடுக்காதீர்கள்.

எஞ்சினைப் பிரித்துப் புதிய பிஸ்டன் போட்டாயிற்று. மூல மேப்போடு, அந்தப் பிடிமான டயர்களோடு போன மாதம் ஓடினேன்: 14.38 விநாடி, 156.1 கிலோமீட்டர். ட்யூன் செய்த பிறகு வந்த முதல் நேரத்தைவிடக் குறைவு, கவனியுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு ட்யூனரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "டைனோவில் 222 காட்டியதற்கு ஆதாரம் உங்களிடமே இருக்கிறது." அந்த கிராப்பின் பெரிய பிரதி ஒன்று என் காரின் படத்தோடு அவருடைய கொட்டகைச் சுவரில் இன்னும் தொங்குவதாக நண்பர் சொன்னார். மூலையில் 60 டிகிரியும் அப்படியே இருக்கிறதாம்.