ஊருக்குச் சொல்லிவிட்டுப் படிப்பதா, சொல்லாமலா?

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு என்றால் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதற்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். திருவையாற்றில் இருந்துகொண்டு இரண்டு விதமாகவும் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் தடவை டீக்கடையில் தொடங்கி படித்துறை வரை சொல்லாத ஆளில்லை. “வாங்க ஆபீசர்” என்று சித்தப்பா கூப்பிடும்போதெல்லாம் பாதி வேலை கிடைத்துவிட்ட மாதிரியே இருக்கும். வினையே அதுதான். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: நோக்கம் பிறர் காதில் விழுந்து அவர்கள் தலையாட்டிவிட்டால், உழைப்பு குறையக்கூடும்.

அடுத்த தடவை வாயே திறக்கவில்லை. காலண்டரில் தினம் ஒரு பென்சில் கோடு, அவ்வளவுதான். சம்பா நடவு வரும் வரை நன்றாகவே போயிற்று. பத்து நாள் வயலில் நின்றதில் கோடு விட்டுப்போனது; ஏன் என்று கேட்க ஆளில்லை.

என்னைக் கேட்டால், சொல்லாமல் இருப்பதே மேல். கூடப் படிக்கும் நண்பனுக்கு மட்டும் விலக்கு. அவனிடமும் “பாஸ் பண்ணிடுவேன்” என்று அளப்பதில்லை. “இன்னைக்கு எட்டாம் வகுப்பு வரலாறு, முதல் பாடம்” என்பேன். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்துவிடும்: “முடிச்சியாடா?”