ப்ரீ-கமிட்: பேட்ச் அனுப்புவதற்கு முன் ஓட வேண்டிய கருவி

கட்டற்ற மென்பொருள் லைப்ரரிக்குப் புதிதாகப் புல் ரிக்வெஸ்ட் (தங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புகிறவர்களின் கோட் சரியாகவே இருந்தும், வரி நீளத்திலும் இம்போர்ட் வரிசையிலும் மாட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் மாற்றத்தைப் பதிவதற்கு (கமிட்) முன் கோடைத் தானாகச் சோதிக்கும் ப்ரீ-கமிட், அந்த வீண் அலைச்சலைப் பெருமளவு தவிர்க்கிறது.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் நிறுவினால் மட்டும் போதாது. ரெப்போவை (கோட் களஞ்சியத்தை) க்ளோன் செய்ததும் அதற்குள் போய் 'ப்ரீ-கமிட் இன்ஸ்டால்' கட்டளையை ஒருமுறை கொடுக்க வேண்டும். கமிட் போன்ற நேரங்களில் தானாக ஓடும் கிட் ஹூக்குகள் க்ளோனோடு வருவதில்லை. இதை மறந்தால் கமிட்டின்போது ஒரு சோதனையும் ஓடாது. முதல் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஹூக்குகளுக்கான தனிச் சூழல்களை அப்போதுதான் உருவாக்குகிறது. பிறகு கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்டேஜ் செய்த (கிட் ஆட் கொடுத்த) கோப்புகளை மட்டுமே பார்க்கும்.

பிளாக் போன்ற ஃபார்மட்டர் (கோடின் வடிவத்தைச் சீராக்கும் கருவி) கோப்பைத் திருத்திவிட்டால் 'ஃபெயில்ட்' என்று காட்டிக் கமிட்டை நிறுத்தும். பயப்பட வேண்டாம். கிட் டிஃப்பில் திருத்தத்தைப் பார்த்து, மறுபடி கிட் ஆட், கமிட். நீங்கள் பார்க்காத மாற்றம் உள்ளே போகாது என்பதே இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

டைப்புகளைச் சரிபார்க்கும் மைபை ஹூக்தான் பலவீனமான இடம். அது தனிச் சூழலில் ஓடுவதால், லைப்ரரி சார்ந்திருக்கும் தொகுப்புகளின் டைப் விவரம் அதற்குத் தெரியாது. கான்ஃபிக் கோப்பில் கூடுதல் சார்புகளாக அவற்றைக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் உங்கள் கணினியில் ஒரு முடிவு, ஹூக்கில் வேறு முடிவு.

உங்கள் பேட்சோடு 'ஆட்டோஅப்டேட்' (ஹூக்குகளின் பதிப்புகளைப் புதுப்பிக்கும் கட்டளை) செய்யாதீர்கள். ஃபார்மட்டரின் பதிப்பு மாறினால் தொடர்பில்லாத கோப்புகளும் டிஃப்பில் வந்து குவியும்.